தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கிப் பாகங்களை வைத்து வீட்டிலேயே வேட்டைத் துப்பாக்கி செய்யலாமா?

மலைக்காட்டு ஃபிட்டர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு மலையோரக் கிராமத்தைச் சேர்ந்தவன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஓசூரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்பாவின் உடல்நிலை காரணமாக இப்போது இரண்டு ஆண்டுகளாக ஊரிலேயே தங்கி, எங்கள் மூன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ராகியும் அவரையும் கலந்து விதைக்கிறோம்; ஒரு துண்டில் மட்டும் நிலக்கடலை.

சென்ற மாதம் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கடலைக் காட்டின் பாதியைக் கிளறிப் போட்டுவிட்டன. செடியைத் தின்பதில்லை, மண்ணை மூக்கால் உழுது காயை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. காலையில் பார்த்தால் ஏர் ஓட்டிய நிலம்போல் கிடக்கிறது. அறுபத்தைந்து வயதில் அப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு இரவெல்லாம் காவல் பரணில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் தாத்தாவின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சாக்கில் சுற்றி ஒரு நாட்டுத் துப்பாக்கியின் குழல், குதிரையோடு (அடித்துப் பற்றவைக்கும் உறுப்பு) கூடிய பக்கத் தகடு, நடுவில் விரிசல் விட்ட மரக்கட்டை, மருந்து கெட்டிக்கும் இரும்புக் கோல் ஆகியவை இருந்தன. கூடவே தாத்தா பெயரில் ஒரு லைசென்ஸ் புத்தகமும் இருந்தது. சேலம் மாவட்ட முத்திரையோடு 1961-இல் கொடுத்தது. கடைசிப் புதுப்பிப்பு 1987. தாத்தா 1991-இல் இறந்துவிட்டார். அப்பாவிடம் கேட்டபோது, தாத்தா போனபிறகு அதைப் பிரித்துப் பெட்டியில் போட்டதோடு சரி, யாரும் தொடவில்லை என்றார்.

அமெரிக்காவில் ஆட்கள் குழல், கட்டை, விசை என்று தனித்தனியாக வாங்கி, வீட்டு மேசையிலேயே தங்களுக்கு ஏற்ற வேட்டைத் துப்பாக்கியைப் பொருத்திக்கொள்ளும் காணொளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவெடுத்து, ராவி, பொருத்தும் வேலை எனக்குக் கைவந்த வேலைதான். கட்டையை ஈட்டி மரத்தில் புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம், மற்றவற்றை ஓசூரில் தெரிந்த லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். குழலின் அடிப்பக்கத்தில் துரு இறுகிப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றிக் கழற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இது சரியான வழியா, சட்டத்தில் இடமிருக்கிறதா, அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓசூர் டூல் ரூம் (பதில்):

தம்பி, மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால் ஒன்று. அந்தக் குழலை டார்ச்சால் சூடேற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், வேறு எந்தக் கிழமையும் வேண்டாம்.

முன்பக்கமாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில், உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தோட்டா போடும் துப்பாக்கியைப் போல மடக்கித் திறந்து பார்க்கவும் வழியில்லை. கெட்டித்துவிட்டுச் சுடாமல் வைத்தால் அது அப்படியே இருக்கும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் வீரியம் குறையாது. கரி, கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றுமே தாமாகக் கெட்டுப்போகிற பொருள்கள் அல்ல. முப்பது ஆண்டுகள் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது மருந்தைக் காப்பாற்றி வைப்பதற்கு ஏற்ற இடம். காவலுக்குப் போகிறவர்கள் மாலையில் கெட்டித்து வைத்துக்கொள்வார்கள், பன்றி வராத இரவுகளில் அப்படியே கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். உங்கள் தாத்தா கடைசியாக எப்போது சுட்டார் என்று உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே சூடு காட்டக் கூடாது, தட்டக் கூடாது, கோலை விட்டுக் குத்திப் பார்க்கக் கூடாது, அடிப்பக்கத்தைத் திருகிக் கழற்ற முயலக் கூடாது. குழல்வாய் மனிதர்கள் புழங்காத சுவரைப் பார்த்தபடி, அடுப்புக்கும் வெயிலுக்கும் தொலைவில், சிறுவர்கள் கை படாத இடத்தில் அதை விட்டுவிடுங்கள். இதைப் படித்தவுடன் செய்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள், எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இனி வேலை பற்றி. இருபத்திரண்டு ஆண்டுகளாக டூல் ரூமில், அதாவது கருவிகளும் அச்சுகளும் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் படித்தது அளவுகளுக்குள் பொருத்துகிற கலை, அதை மதிக்கிறேன். ஆனால் துப்பாக்கிக் குழலில் அளவு சரியாக வந்துவிட்டால் போதும் என்பதில்லை. எந்த எஃகு, எந்த வெப்பப் பதம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்பவற்றையெல்லாம் வெர்னியர் அளவுகோல் காட்டாது. அதனால்தான் முறையான தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலையும் வழக்கமான அளவைவிட அதிக மருந்தில் சுட்டுச் சோதித்து, தாங்கினால் மட்டுமே முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். வீட்டில் செய்த குழலுக்கு அந்தச் சோதனையை நடத்தப்போவது அதைத் தோளில் வைத்திருக்கிறவருடைய முகம்தான்.

பழைய குழலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது கருமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது; இக்காலத் தோட்டாவின் புகையற்ற மருந்து தருகிற அழுத்தம் அதைவிட அதிகம். உட்புறத்தில் துரு அரித்த ஒவ்வொரு குழியும் அழுத்தம் வந்து முட்டும்போது கிழிசல் தொடங்குகிற இடமாகிவிடும். எங்கள் பகுதியில் பிடிபட்ட கள்ளத் துப்பாக்கிகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். தையல் போட்ட, அதாவது நீளவாக்கில் பற்றவைத்து மூடிய தண்ணீர்க் குழாயில் செய்தவை. ஒன்றில் அந்தத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு வாழைப்பூ மடல்போல விரிந்திருந்தது.

ஒருமுறை தெரிந்தவர் ஒருவர், பம்புக்கு வேண்டும் என்று சொல்லி ஒரு தண்டைக் கொண்டுவந்து நீளத் துளை போடச் சொன்னார். அளவைப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. முடியாது என்று திருப்பி அனுப்பினேன். அதன்பிறகு அவர் பேசுவதில்லை. லேத்துக்காரரிடம் அப்படிக் கேட்பது அவரையும் உங்களோடு சேர்த்து வழக்கில் நிறுத்துவதாகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மலைக்காட்டு ஃபிட்டர்:

அண்ணா, உங்கள் பதிலைப் படித்தவுடன் பெட்டியை அப்படியே மூடிப் பின்கட்டில், கல்சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன். தங்கையின் குழந்தைகளை அந்தப் பக்கமே விடவில்லை. உண்மையைச் சொன்னால், போன வாரம் அந்தக் கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தேன். அடிவரை போகவில்லை, ஒரு சாணுக்கு மேல் வெளியே நின்றது. துரு அடைத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். இப்போது கை நடுங்குகிறது.

சட்டம் பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அமெரிக்காவில் வெளிப்படையாகச் செய்கிறார்களே, நம் ஊரில் பாகங்களை வைத்திருப்பதும் குற்றமா?

தருமபுரி வழக்கறிஞர் (பதில்):

மேலே எழுதியிருக்கும் நண்பர் உயிரைக் காக்கும் செய்தியைச் சொல்லிவிட்டார். நான் சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. அங்கே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விசையும் பூட்டும் பொருந்துகிற நடு உடலை மட்டுமே துப்பாக்கி என்று கணக்கில் கொள்கிறது. குழலும் கட்டையும் விசைத் தொகுதியும் சாதாரண உதிரிப் பாகங்களாக விற்கப்படுகின்றன. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடுக்காத ஒருவர், விற்பதற்காக இல்லாமல் தமக்காகச் செய்துகொள்ள, நடுவண் சட்டத்தின்படி உற்பத்தி உரிமம் தேவையில்லை. மாநிலங்கள் சில தனிக் கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் காணொளிகள் அந்தச் சட்டத்தின் நிழலில் எடுக்கப்பட்டவை.

நம்முடைய 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வேறு அடிப்படையில் எழுதப்பட்டது. அதன் 2-ஆவது பிரிவில் படைக்கலம் என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் பொருளிலேயே அதன் பாகங்களும், அதைச் செய்வதற்கான இயந்திரங்களும் அடங்கிவிடுகின்றன. 3-ஆவது பிரிவின்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. 5-ஆவது பிரிவின்படி உரிமம் இல்லாமல் செய்யவோ, பழுதுபார்க்கவோ, சோதித்துப் பார்க்கவோ கூடாது. விற்பனைக்கு இல்லை, சொந்த உபயோகத்துக்கு என்று சொல்வது இதில் விலக்கு ஆகாது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றிச் செய்வதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள் சிறை, அது ஆயுள்தண்டனை வரை போகலாம். உரிமமின்றி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள். கட்டையைச் செதுக்கி, குழலைச் சுத்தம் செய்து, விசையைப் பொருத்துகிற ஒவ்வொரு நாளும் நீங்கள் இரண்டாவது குற்றத்திலிருந்து முதலாவதை நோக்கி நடந்துகொண்டிருப்பீர்கள்.

தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 45-ஆவது பிரிவு இரண்டு விலக்குகளைத் தருகிறது. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாத நிலையிலுள்ள வழக்கொழிந்த ஆயுதங்களுக்கு ஒன்று. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாமல் வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு ஒன்று. இரண்டையும் கவனமாகப் படியுங்கள். உங்களிடம் இருப்பது பழுதுபார்த்தால் சுடக்கூடியது. மற்ற பாகங்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை நீங்களே இங்கே எழுதியும் விட்டீர்கள். எனவே இந்த விலக்குகளை நம்பி உட்காராதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. உரிமம் பெற்றவர் இறந்து, ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படியானதாக இல்லாமல் போகும்போது, தேவையற்ற தாமதமின்றிக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலரிடமோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ அதை ஒப்படைக்க வேண்டும் என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டில் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகிவிட்டது. மேலும் ஒரு வாரம் தாமதிக்காதீர்கள். ஆனால் அதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள். உள்ளே மருந்து இருக்கலாம் என்பது ஒரு காரணம், வழியில் பிடிபட்டால் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்பதை மெய்ப்பிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும் என்பது இன்னொரு காரணம். நடந்ததை ஒரு பக்க மனுவாக எழுதி, லைசென்ஸ் புத்தகத்தின் நகலையும் தாத்தாவின் இறப்புச் சான்றையும் இணைத்து, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரோடும் முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரோடும் காவல் நிலையம் சென்று, அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழல் அடைத்திருக்கிறது, மருந்து இருக்கலாம் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

நம் இரு மாவட்டங்களிலும் காவல்துறையும் வனத்துறையும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கணக்கில் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்பவர்கள்மீது வழக்கில்லை என்று அறிவிப்பது வழக்கம்தான். அது சட்டத்தில் எழுதிய மன்னிப்பு அல்ல, அந்தந்த நேரத்து நிர்வாக முடிவு; ஆகவே உங்கள் பகுதியில் இப்போது நிலை என்ன என்பதை வழக்கறிஞர் மூலம் முதலில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். 1961-இல் உங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி மாவட்டமானது. 2004-இல் கிருஷ்ணகிரிக்கு வந்தது. மூன்று ஆட்சியர் அலுவலகங்களில் தேடினாலும் பழைய பதிவு கிடைக்காமல் போகலாம். கள்ளத்தனமாக வந்த ஆயுதம் அல்ல என்பதற்கு அந்தப் புத்தகமே உங்கள் குடும்பத்தின் சான்று.

பயிர்க் காவலுக்கு முறையாக உரிமம் கேட்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. முன்பக்கம் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புத் தேவை இருந்தால் உரிமம் வழங்குவதைப் பற்றி 13-ஆவது பிரிவே தனியாகப் பேசுகிறது. இறந்தவரின் வாரிசுக்கு உரிமம் தருவதைப் பற்றி 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் பேசுகின்றன. மனு ஆட்சியரிடம் போக வேண்டும். ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு பெரிய தடை உண்டு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 34-ஆவது பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் முதன்மை வனவுயிர்க் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய துப்பாக்கி உரிமம் வழங்கக் கூடாது என்கிறது. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயமும் உங்கள் பக்கத்துக் காடுகளைத்தான் உள்ளடக்கியிருக்கின்றன. மனு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை நான் தரமாட்டேன்.

ஓய்வுபெற்ற வனக்காப்பாளர் (பதில்):

தம்பிக்கு வணக்கம். காவிரிக் கரைக் காடுகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் சுற்றியவன் நான். விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாதது அல்ல. என் மாமனார் வீடும் மலையடிவாரத்து ராகிக்காடுதான். பன்றி கிளறிய காட்டை விடியற்காலையில் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்களைக் குற்றவாளி என்று நினைத்து எழுதவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாத இரவில், ரோந்துப் பாதையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓடையில் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் மணலில் உட்கார்ந்திருந்தான். இடது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். துப்பாக்கி இரண்டு துண்டாகக் கிடந்தது. வலிக்கிறது என்றுகூட அவன் சொல்லவில்லை, "சார், வீட்டுக்குச் சொல்லாதீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜீப்பில் ஏற்றியபோது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், கட்டைவிரலும் அடுத்த விரலும் இல்லை. முகத்தில் கருமருந்துப் புள்ளிகள் பச்சை குத்தியதுபோல் தோலுக்குள் போயிருந்தன. மருத்துவமனையில் பட்டாசு வெடித்தது என்று வீட்டார் சொன்னார்கள். மாசி மாதத்தில் என்ன பட்டாசு. வழக்கு நடந்தது, அதன்பிறகு அவனால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை.

விலங்கின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாட்டுத் துப்பாக்கியில் போடுகிற ரவையும் பால்ரஸ் (பேரிங்) குண்டும் பன்றியை அந்த இடத்திலேயே சாய்ப்பது குறைவு. காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து, சீழ் பிடித்து, பல நாள் கழித்துச் சாகும். அதற்குள் அது மாடு மேய்க்கப் போகிறவர்மீது பாய்ந்தால் தொடையைக் கிழித்துவிடும். இருட்டில் அசைவது பன்றிதான் என்று உறுதியாகச் சொல்ல உங்களால் முடியாது. யானையின் மேல் நாலு ரவை பட்டால் அது சாகாது, ஆனால் அடுத்த நாள் அந்த வழியில் வரும் ஆளை அது மறக்காது. பக்கத்துக் காட்டுக்காரரும் அதே இருட்டில் காவலுக்கு வந்திருப்பார் என்பதையும் மறக்காதீர்கள்.

காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் வருகிறது. பயிருக்குச் சேதம் செய்கிற விலங்கை வேட்டையாட 11-ஆவது பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் அனுமதி தரலாம். அந்த அனுமதி இல்லாமல் சொந்த நிலத்தில் சுட்டாலும் அது வேட்டைதான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றிகளைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினர் சுடலாம். எந்த வட்டத்திலும் சுடும் வேலை விவசாயியிடம் கொடுக்கப்படவில்லை. உங்கள் நிலம் மலையோரம் என்பதால் முதல் வட்டத்துக்குள்தான் வரும் என்று நினைக்கிறேன்.

ஆகவே சேத மனுவை விடாமல் கொடுங்கள். பலர் ஒருமுறை அலைந்துவிட்டு வெறுத்துப் போய் நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. கிளறிய காட்டைச் சமன்படுத்துவதற்கு முன்பே, தேதி தெரியும்படி படம் எடுங்கள். குளம்புத் தடம் ஒன்றாவது படத்தில் இருக்கட்டும். சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் அன்றோ மறுநாளோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மனு எண்ணிக்கை கூடினால்தான் அந்தப் பகுதியில் பன்றித் தொல்லை இருக்கிறது என்பது காகிதத்தில் ஏறும். காகிதத்தில் ஏறாத சேதத்துக்கு எந்த அலுவலரும் மேலே எழுத முடியாது.

பாலக்கோட்டு விவசாயி (பதில்):

துப்பாக்கி இல்லை என்றால் கம்பியில் கரண்ட் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஅள்ளிப் பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த வேலி பன்றிக்காகப் போட்டதுதான்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். கடலைக்காட்டைச் சுற்றி ஆமணக்கு நெருக்கமாக இரண்டு வரிசை விதைக்கிறோம். அந்தச் செடியைப் பன்றி தொடுவதில்லை, உள்ளே இருக்கும் கடலை வாசமும் அதற்கு எட்டுவதில்லை. காய் பிடிக்கும் பருவத்தில் மட்டும் பழைய புடவைகளை வேலியாகக் கட்டுகிறோம். ஒரே நிறத்தில் நாள்கணக்கில் இருந்தால் பன்றி பழகிவிடுகிறது, அதனால் வாரம் ஒருமுறை இடம் மாற்றுகிறோம். சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறது. இப்போது எவ்வளவு என்று வட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அது துடிப்பு துடிப்பாக அடித்து விரட்டுமே தவிரக் கொல்லாது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் 2023 விதிகளின்படி மின்வேலியை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் ஃபிட்டர் என்பதால் கம்பத்தையும் கம்பி இழுவையையும் நீங்களே சரியாகப் போட்டுக்கொள்ளலாம், கூலி மிச்சம். முழுவதும் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன். எங்களுக்குச் சேதம் பாதிக்குக் கீழே வந்திருக்கிறது.

ஓசூர் டூல் ரூம்:

ஃபிட்டர் தம்பிக்கு இன்னும் ஒரு வார்த்தை. துப்பாக்கியின் பொறிநுட்பத்தில் உங்களுக்கு இருக்கும் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும், 20 ஜூலுக்கு மேற்படாத வாய்முனை ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ரைபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் இலக்கில் சுடப் பழகுங்கள். அங்கே வீரர்களுடைய கட்டைகள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தாமல் கிடக்கும். அவற்றை இழைத்துச் சரிசெய்து தருகிறவர்கள் மிகக் குறைவு. நீங்கள் சொன்ன ஈட்டி மர வேலைக்கு அது நல்ல இடம். ஆனால் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மயிலையோ முயலையோ பார்க்கப் போய்விடாதீர்கள், சட்டம் அதையும் வேட்டை என்றுதான் சொல்லும்.

மலைக்காட்டு ஃபிட்டர்:

எல்லோருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன்.

வழக்கறிஞர் ஐயா சொன்னபடியே மனு எழுதி, அப்பாவோடும் ஓர் உள்ளூர் வழக்கறிஞரோடும் காவல் நிலையம் போனேன். லைசென்ஸ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் இரண்டு காவலர்களும், ஆயுதங்களைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் குழலைத் தூக்குவதற்கு முன் எங்கள் எல்லோரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார். மாலையில் தொலைபேசியில் சொன்னார்: அடியில் மருந்தும், அதன்மேல் தேங்காய் நாரும், அதன்மேல் ரவையும், மீண்டும் நாரும் என்று முழுதாகக் கெட்டித்தே இருந்திருக்கிறது. ரவையில்தான் துரு ஏறியிருந்ததாம், மருந்து உதிரியாகவே வந்ததாம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தாத்தா இறப்பதற்கு முந்தைய வாரம் ராகி அறுப்புக் காவலுக்குப் போய்விட்டு மழை வந்ததால் பாதியில் திரும்பி வந்தார் என்று சொன்னார். அதே பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன்.

ரசீது வாங்கிவிட்டேன். இதுவரை வழக்கு எதுவும் போடவில்லை. மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம். விரிசல் விட்ட அந்தக் கட்டையை மட்டும் தருவார்களா என்று அப்பா கேட்டார். எல்லாம் சேர்த்துத்தான் போக வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் புத்தகத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது.

வனச்சரக அலுவலகத்தில் சேத மனுவையும் கொடுத்தாயிற்று. படங்களைக் காட்டியபோது, கடலைக்காட்டை முழுவதும் சமன்படுத்திவிட்ட பிறகு வந்திருக்கிறீர்களே என்று கேட்டார்கள். நல்லவேளையாகக் கிழக்கு மூலையில் ஒரு பாத்தியை உழாமல் விட்டிருந்தேன், அதை வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பாலக்கோட்டு அண்ணனுக்கு ஒரு கேள்வி: ஆமணக்கைக் கடலையோடு சேர்த்தே விதைக்கிறீர்களா, அல்லது கடலை காய் பிடிக்கும்போது அது உயர்ந்து நிற்கும்படி முன்கூட்டியே விதைத்துவிடுகிறீர்களா? இரண்டு வரிசைக்கும் இடையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையும் சொன்னால், அடுத்த விதைப்புக்கு அப்படியே செய்துவிடுவேன்.